ஆடியில் அல்ல, ஐப்பசிக் கடைசியில்! சைதாப்பேட்டை மொட்டை மாடியில் சுக்கினி

சென்னை அண்ணா சாலையில் தெற்கே போகும் பேருந்து, சைதாப்பேட்டை பனகல் மாளிகையைத் தாண்டியதும் சட்டென்று வெளிச்சத்துக்கு வரும். இரு பக்கமும் கட்டடங்கள் விலக, கீழே அடையாறு தெரியும். இதுதான் மறைமலையடிகள் பாலம். இதே இடத்தில்தான் 1726-ல் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், தன் சொந்தக் காசில் ஒரு பாலம் கட்டினார். 'மர்மலாங் பாலம்' என்று அதற்குப் பெயர். பரங்கிமலைக்குப் போகும் பக்தர்கள் மலையேறப் படிகள் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

பாலத்துக்கு முன்பே இறங்கி பஜார் ரோட்டுக்குள் திரும்பினால், அது வேறு ஒரு சைதாப்பேட்டை. காரணீஸ்வரர் கோயில் மணி, பாத்திரக் கடை, பூக்கடை, மீன் மார்க்கெட்டின் வாசம், காலை நேரத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வடகறி. தள்ளுவண்டியில் கத்திரி, வெண்டை, அவரை, பீர்க்கன் எல்லாம் இருக்கும். சுக்கினி மட்டும் அபூர்வம். அதைத் தேடினால் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஊட்டி கேரட்டுக்கும் புரோக்கோலிக்கும் நடுவில் படுத்திருக்கும். பார்ப்பதற்கு வெள்ளரிக்காய் போலவும், தொட்டால் இளம் பூசணி போலவும் இருக்கும் பச்சைக் காய். சிலர் இதைச் 'சீமைச் சுரைக்காய்' என்றும் சொல்கிறார்கள்.

இந்தக் காயை விதை போட்டு வளர்க்கலாமே என்ற ஆசை மாடித்தோட்டக்காரர்கள் பலருக்கும் வருகிறது. விதை பாக்கெட் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. விதை முளைக்கிறது. செடி பந்தாவாக வளர்கிறது. மஞ்சள் பூவும் பூக்கிறது. ஆனால் காய் மட்டும் வருவதில்லை. வந்தாலும் சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி, அழுகி விழுந்துவிடுகிறது. 'இது குளிர் ஊர்ச் செடி. நம்ம சென்னைக்கெல்லாம் வராது' என்று பையைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

உண்மையில் வரும். அதற்கு எப்போது விதைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். 'வெளியூர் விதை நம் மண்ணுக்கு வருமா?' என்ற இந்தக் கேள்வி சைதாப்பேட்டைக்குப் புதிதும் அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, இதே கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே ஓர் அரசுப் பண்ணை இங்கே இருந்தது.

விதையைச் சோதித்த ஊர்

இன்று சைதாப்பேட்டையில் ஒரு சென்ட் வெற்று மண்ணைப் பார்ப்பதே அரிது. 1860-களில் இது சென்னைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். சுற்றிலும் வயல்களும் ஏரிகளும். இன்று தியாகராய நகர் இருக்கும் இடத்தில் மாம்பலம் ஏரி விரிந்து கிடந்தது.

அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், இங்கிலாந்திலிருந்து நவீன விவசாயக் கருவிகளை வரவழைத்து, அவற்றை இயக்கிக் காட்ட சைதாப்பேட்டையில் ஓர் அரசுப் பண்ணை அமைக்கப்பட்டது. அந்தக் கருவிகளில் நீராவிக் கலப்பையும் ஒன்று. 1868-ல் இங்கே ஒரு விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது. வில்லியம் ராபர்ட்சன் என்ற அதிகாரியின் பொறுப்பில் பண்ணையும் பள்ளியும் இயங்கின.

வெளிநாட்டுப் பயிர்களை இந்திய மண்ணில் நட்டுப் பார்க்கும் ஆர்வம் அரசுக்கு நிறைய இருந்த காலம் அது. அமெரிக்காவின் கரோலினா நெல்லைக் கூடச் சென்னை மாகாணத்தில் பரப்பப் பார்த்தார்கள். அது இங்கே நிலைக்கவில்லை. விதையில் குறை சொல்ல முடியாது. கரோலினாவின் மழையும் வெயிலும் வேறு, நம்முடைய மழையும் வெயிலும் வேறு. எந்தப் பட்டத்தில் எந்த நெல் என்று நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் புதிய நெல்லுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை.

1889-ல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர், இந்திய விவசாயத்தை எப்படி முன்னேற்றலாம் என்று ஆராய இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1893-ல் வெளியான தன் அறிக்கையில் அவர் சொன்னது பலரும் எதிர்பார்க்காத ஒன்று. இந்திய விவசாயி விவரம் தெரியாதவர் அல்ல, சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவரும் அல்ல, கற்றுக்கொடுக்கப் போகும் முன்பு அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்வி 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று தமிழ்நாட்டு விவசாயிகள் நடும் 'கோ' ரகங்களுக்கு அந்தப் பெயர் வந்தது கோயம்புத்தூரால். ஆனால் அந்தக் கல்வியின் முதல் பாடம் நடந்த இடம் சைதாப்பேட்டை. அந்தப் பண்ணையின் நினைவு இன்று ஊரில் அதிகம் பேருக்கு இல்லை. வயல் போன இடத்தில் வீடு வந்தது. இப்போது விதை போடுபவர்கள் அந்த வீட்டின் மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார்கள்.

பரங்கி என்ற பழைய விருந்தாளி

சுக்கினி அந்நியக் காய் என்று நினைக்கும்போது, இந்தச் சாலை எங்கே போகிறது என்று ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, சின்னமலை, கிண்டி வழியாக நேரே போனால் பரங்கிமலை. போர்த்துகீசியர் குடியிருந்த மலை என்பதால் அந்தப் பெயர். அன்று ஐரோப்பியரை மக்கள் அழைத்த சொல் 'பரங்கி'. அவர்கள் காலத்தில் கடல் கடந்து வந்த காய்தான் பரங்கிக்காய். பொங்கல் அன்று பரங்கிக்காய் இல்லாமல் பல வீடுகளில் குழம்பு இறங்காது. ஆனால் அந்தக் காயின் பெயரிலேயே 'நான் வெளியூர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது!

பரங்கிக்கும் சுக்கினிக்கும் பூர்வீகம் ஒன்றுதான், அமெரிக்கக் கண்டம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். சுக்கினியின் முன்னோர்களை மெக்சிகோவில் மனிதர்கள் பயிரிடத் தொடங்கி சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூசணி வகை ஒன்றை, வட இத்தாலியின் மிலான் பகுதித் தோட்டக்காரர்கள் பிஞ்சாகவே பறித்துச் சாப்பிடும் காயாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளி நடந்துகொண்டிருந்த காலமும் அதுதான். இத்தாலிய மொழியில் 'சுக்கா' என்றால் பூசணி. 'சுக்கினி' என்றால் குட்டிப் பூசணிகள். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இதையே 'கூர்ஜெட்' என்கிறார்கள்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, சப்போட்டா, முந்திரி, சௌசௌ எல்லாமே இப்படிக் கடல் தாண்டி வந்தவைதான். நம் ஊரில் அவற்றுக்கு ஏற்ற மாதம் எது, மண் எது என்று யாரோ பொறுமையாகக் கண்டுபிடித்த பிறகுதான் அவை நம் வீட்டுக் காய் ஆயின.

பாக்கெட் சொல்லாத மாதம்

சுக்கினி விதை பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் 'வசந்த காலத்தில் விதைக்கவும்' என்றிருக்கும். ஐரோப்பாவின் வசந்த காலம் மார்ச், ஏப்ரல். அதை நம்பி சைதாப்பேட்டையில் மார்ச் மாதம் விதைத்தால், செடி பூக்கும் நேரத்தில் கத்திரி வெயில் வந்து நிற்கும்.

இன்னொரு தவறு நம் பழக்கத்திலிருந்தே வருகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. நம் பூசணிக்கும் சுரைக்கும் பீர்க்கனுக்கும் அது சரி. அதே குடும்பம்தானே என்று சுக்கினியையும் ஆடியில் விதைத்தால், ஆகஸ்ட், செப்டம்பரின் புழுக்கத்தில் செடி திணறும். தப்பிப் பிழைத்தால் அக்டோபர் மழை அதன் இலைகளை அழுக வைக்கும்.

வெயில் காலத்தில் காய் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. சுக்கினியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாகப் பூக்கும். வெப்பமும் பகலின் நீளமும் கூடக்கூட, செடி ஆண் பூக்களையே அதிகம் விடும். பூத்துக் குலுங்குகிறதே என்று நாம் மகிழ்வோம். காய்க்க வேண்டிய பெண் பூ மட்டும் இருக்காது.

சென்னையில் டிசம்பர், ஜனவரியில் பகல் வெப்பம் சுமார் 29 டிகிரி, இரவில் 21 டிகிரியை ஒட்டி இருக்கும். பகலும் குறுகியது. சுக்கினி ஆசைப்படும் வசந்த காலம் நமக்கு மார்கழியில்தான் வருகிறது. ஆக, செடி மார்கழியில் பூக்க வேண்டும். விதைத்ததிலிருந்து பூக்க ஐந்து வாரம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், விதைக்கும் நாள் ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகை முதல் வாரம். அதாவது நவம்பர் நடுப்பகுதி.

மழையும் ஆறும்

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் நடுப்பகுதி என்றால் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். சைதாப்பேட்டைக்காரர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் அந்த நாள்களை நினைவூட்டியது. அப்படிப்பட்ட மழையில் பெரிய பையில் நேரடியாக ஊன்றிய விதை, முளைக்கும் முன்பே ஊறி அழுகிவிடும்.

அதனால் விதையை முதலில் சின்னக் கப்பில் போட வேண்டும். காகித டீ கப், தேங்காய்ச் சிரட்டை, பழைய தயிர் டப்பா எதுவும் சரி. அடியில் இரண்டு ஓட்டை. தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்பி, ஒரு கப்புக்கு ஒரு விதை, ஒரு அங்குல ஆழத்தில் வைக்கலாம். விதையைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் ஒருக்களித்து ஊன்றினால் அதன் மேல் நீர் தேங்காது. ஜன்னல் சன்ஷேடின் கீழ், மழை படாமல் வெளிச்சம் மட்டும் படும் இடத்தில் வைத்தால் 5 முதல் 7 நாள்களில் முளை வரும். மழை விட்ட நேரத்தில் வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு வெளிறி, நீண்டு, துவண்டுவிடும்.

வித்திலை இரண்டு போக, உண்மையான இலை இரண்டு வந்ததும் பைக்கு மாற்றலாம். பூசணிக் குடும்பத்துக்கு வேரைத் தொந்தரவு செய்வது பிடிக்காது. எனவே செடியைப் பிடுங்காமல், காகிதக் கப்பின் அடிப்பகுதியைக் கிழித்துவிட்டு மண்ணோடு அப்படியே இறக்குவதுதான் நல்லது. புயல் அறிவிப்பு இருந்தால் நடுவதை நான்கு நாள் தள்ளிப்போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

ஒரே நாளில் எல்லா விதையையும் போடவும் கூடாது. நவம்பர் நடுவில் நான்கு விதை, டிசம்பர் மூன்றாவது வாரத்தில் நான்கு விதை என்று இரண்டு தவணையாகப் போட்டால், முதல் தவணையை மழை கொண்டுபோனாலும் இரண்டாவது தவணை கைகொடுக்கும். மாசி முடிவதற்குள் அதிலும் காய் பறித்துவிடலாம்.

மாடிக்கு ஏறிய மண்

சுக்கினி கொடி ஓடாது. புதர் போல ஒரே இடத்தில் நின்று, இரண்டு மூன்று அடிக்கு இலை விரிக்கும். பந்தல் தேவையில்லை. ஆனால் இடம் வேண்டும். ஒரு பைக்கு ஒரு செடிதான். 15 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள பை போதுமானது. பைகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளி விட வேண்டும். தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படுவது அவசியம்.

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய சாணம் ஒரு பங்கு. அதில் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இந்தக் கலவையைப் பத்து நாள் முன்பே கலந்து, லேசாக ஈரப்படுத்தி வைப்பது நல்லது. தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு பை 25 கிலோவைத் தாண்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பழைய கட்டடமாக இருந்தால் பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், சுவரை ஒட்டி வரிசையாக வைப்பது பாதுகாப்பு. அடியில் செங்கல் அல்லது ஸ்டாண்டு வைத்தால் தளம் ஈரம் பிடிக்காது, மழை நீரும் வடிந்துவிடும்.

பூ விடத் தொடங்கியதும் செடிக்குப் பசி அதிகரிக்கும். இங்கேதான் சைதாப்பேட்டை மீன் மார்க்கெட் கைகொடுக்கிறது. மீன் செதில், குடல், தலை போன்ற கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய டப்பாவில் ஒரு மாதம் நிழலில் வைத்தால் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து பத்து நாளுக்கு ஒரு முறை வேரில் ஊற்றலாம். நன்றாகப் பக்குவமானால் நாற்றம் போய், பழ வாசம் வரும். சைவ வீடுகளில் பஞ்சகவ்யாவோ மண்புழு உரமோ அந்த வேலையைச் செய்யும்.

காலை ஏழு மணி வேலை

முதலில் பூப்பது பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். நீளமான மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும். ஒரு வாரம் கழித்துப் பெண் பூக்கள் வரும். பூவுக்கு அடியிலேயே குட்டிச் சுக்கினி ஒன்று ஒட்டியிருக்கும். அதை வைத்துச் சின்னக் குழந்தை கூட அடையாளம் சொல்லிவிடும்.

அந்தக் குட்டிக் காய் பிறந்துவிட்டது என்று நினைப்பதுதான் பலர் ஏமாறும் இடம். ஆண் பூவின் மகரந்தம் வந்து சேராவிட்டால், அது நான்கு நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கிராமத்தில் இந்த வேலையைத் தேனீ செய்யும். சைதாப்பேட்டைக்குப் பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. அங்கிருந்து மூன்றாவது மாடி வரை தேனீ வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் நாம்தான் தேனீ.

சுக்கினிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அதனால் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் மாடிக்குப் போக வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை நீக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் உள்ளே மெதுவாகத் தடவினால் போதும். ஓர் ஆண் பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூக்களுக்குத் தடவலாம். ஒரே ஒரு செடி வைத்தால், பெண் பூ மலரும் நாளில் ஆண் பூ இல்லாமல் போகலாம். அதற்காகத்தான் குறைந்தது மூன்று செடி வேண்டும் என்பது.

பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அறிவியல் புத்தகத்தில் படமாகப் பார்த்த மகரந்தச் சேர்க்கை, மஞ்சள் பொடியாக விரலில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் அந்தக் காய் பெருக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'பாட்டி, நான் தொட்டது காய்ச்சிருச்சு!' என்று படியில் இறங்கி ஓடி வரும்.

இலையில் விபூதி பூசினாற்போல்

மார்கழிப் பனியில் வரும் முதல் எதிரி சாம்பல் நோய். இலை மேல் விபூதி பூசினாற்போல் வெள்ளைப் படலம் தெரியும். அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகளை அவ்வப்போது வெட்டி, காற்றோட்டம் கொடுக்க வேண்டும். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்ற வேண்டும். புளித்த மோர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, வாரம் ஒரு முறை காலையில் தெளிக்கலாம். சில ரகங்களின் இலைகளில் நரம்போரம் இயல்பாகவே வெள்ளித் திட்டுகள் இருக்கும். அதை நோய் என்று பயந்து வெட்டிவிட வேண்டாம். விரலால் தேய்த்தால் நோய்ப் படலம் கையில் ஒட்டும், இயற்கைத் திட்டு ஒட்டாது.

பூசணிச் சிவப்பு வண்டு இளம் இலைகளை ஓட்டை போடும். விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துவிடலாம். வெள்ளை ஈ, அசுவினிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, வேப்ப எண்ணெய் 5 மில்லியைச் சிறிது சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறினால் அது வைரஸ். அதற்கு மருந்து இல்லை. மனதைத் தேற்றிக்கொண்டு அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டால் மற்றவை பிழைக்கும். பழ ஈ தொல்லை இருந்தால், மகரந்தம் தடவிய மறுநாளே பிஞ்சைச் சின்னத் துணிப் பையால் மூடிக் கட்டலாம்.

பிஞ்சிலேயே பறிக்கணும்!

மகரந்தம் சேர்ந்த ஐந்தாறு நாளில் காய் ஒரு சாண் நீளத்துக்கு வந்துவிடும். அப்போதே காம்போடு கத்தியால் அறுத்துவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பெருக்கட்டுமே' என்று விட்டால் தோல் தடித்து, விதை முற்றி, செடியும் அடுத்த பூவை விடத் தயங்கும். மாடியில் ஒரு செடி ஏழெட்டுக் காய் கொடுத்தாலே நல்ல விளைச்சல்தான். மூன்று செடி இருந்தால் வாரம் இரண்டு நாள் ஒரு சிறு குடும்பத்துக்குக் கூட்டோ பொரியலோ ஆகும்.

பாஸ்தாவும் பீட்சாவும்தான் செய்ய வேண்டும் என்றில்லை. சௌசௌ போடும் இடத்தில் எல்லாம் சுக்கினி போடலாம். பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம் அரைத்து விட்ட கூட்டுக்கு அருமையாகச் சேரும். பீர்க்கங்காய் போலத் தோலோடு வதக்கித் துவையலும் அரைக்கலாம். சீக்கிரம் நீர் விடும் காய் என்பதால், பொரியலுக்கு உப்பைக் கடைசியில் போட வேண்டும். தோல் சீவத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் முக்கியம். சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயை அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள். பூசணிக் குடும்பத்தின் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் வேதிப்பொருள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வேக வைத்தாலும் போகாது. கலப்பின விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. அழகுப் பூசணி வகையோடு மகரந்தம் கலந்திருந்தால் அடுத்த தலைமுறையில் கசப்பும் வரலாம். எனவே சுக்கினிக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் புது விதை வாங்குவதே நல்லது. மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கும் முளைக்கும்.

வாசலுக்கு வந்த பூ

பெண் பூவுக்குத் தடவியது போக, ஆண் பூக்கள் எப்போதும் மிச்சம் இருக்கும். இத்தாலியில் அதை மாவில் தோய்த்து பஜ்ஜி போலப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் கடலை மாவு தயாராக இருந்தால் அதையும் செய்யலாம்.

ஆனால் சைதாப்பேட்டையில் அந்தப் பூவுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. மார்கழி விடியலில், காரணீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பெரிய கோலங்கள் விழும். கோலத்தின் நடுவில் சாண உருண்டை பிடித்து, அதன் மேல் பூசணிப் பூ வைப்பது வழக்கம். நகரத்தில் பூசணிப் பூவுக்கு எங்கே போவது? பலரும் செம்பருத்தியையோ சாமந்தியையோ வைத்துச் சமாளிக்கிறார்கள்.

ஐப்பசிக் கடைசியில் கப்பில் விதை போட்ட வீட்டில் அந்தக் கவலை இல்லை. மார்கழி பிறந்து சில நாள்களில் மாடியில் பூ தயாராகிவிடும். அதே மஞ்சள், அதே ஐந்து இதழ், அதே மணி போன்ற வடிவம். பறித்து வந்து கோலத்தில் வைத்துவிட்டால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "பூசணிப் பூ எங்கே கிடைச்சுதுக்கா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்கக்கூடும்.

மாடியைக் கை காட்டி, இரண்டு விதையையும் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் ஐப்பசிக் கடைசியில போடு. ஆடியில போட்டுடாதே" என்று சொன்னால் போதும்.